கால்வலிக்குக் கம்பெனி பொறுப்பல்ல

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தரங்கம்பாடியில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பழைய தெருக்களைச் சுற்றுகிறவன் நான் என்று போன இதழில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பலன், இந்த முறை வந்த தபால் முழுக்கத் தெரு, திண்ணை, சுவர், செருப்பு. தலைப்பில் இருக்கும் கம்பெனி எது என்று கேட்பவர்களுக்கு முன்கூட்டியே பதில்: 1616-ல் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் தொடங்கிவைத்த கிழக்கிந்தியக் கம்பெனி. அது எவர் வலிக்கும் பொறுப்பேற்றதில்லை.

கேள்வி: தினமும் காலையில் பூங்காவில் ஐந்து சுற்று நடக்கிறோம். உங்கள் ‘மரபு நடை’ அதைவிட எந்த விதத்தில் உசத்தி?
(நடைப்பயிற்சி நண்பர்கள், கும்பகோணம்)

உடம்புக்கு எந்த விதத்திலும் உசத்தி இல்லை. நீங்கள் நடந்தால் எடை குறையும். நாங்கள் பத்தடிக்கு ஒருமுறை நின்று சுவரைப் பார்ப்போம், நடுவில் டீயும் வடையும் வேறு. எடை ஏறித்தான் திரும்புவீர்கள்.

கேள்வி: தஞ்சாவூர், மதுரை எல்லாம் இருக்க, ஏன் இந்தச் சின்ன ஊர்?
(கல்லூரி மாணவி, திருச்சி)

சின்ன ஊர் என்பதால்தான். பெரிய ஊரில் ஒரு நூற்றாண்டிலிருந்து இன்னொரு நூற்றாண்டுக்குப் போக ஆட்டோ பிடிக்க வேண்டும். இங்கே நகர வாயிலில் நுழைந்து கடலைப் பார்க்க நடந்தால் போதும். வாயில் 1792-ல் திரும்பக் கட்டியது. உள்ளே வந்தால் ராஜ வீதியில் இரண்டு தேவாலயங்கள், ஒன்று 1701, மற்றது 1718. வீதி முடியும் மைதானத்தில் கோட்டை, 1620. அதைத் தாண்டிக் கடலோரம் மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம், 1306. நாம் முன்னே நடக்க நடக்க ஆண்டு ஏறக்குறைய பின்னே போகிறது. எவனும் திட்டம் போட்டு இப்படி அடுக்கவில்லை. வழிகாட்டிக்கு இதைவிட அதிர்ஷ்டம் வேறென்ன வேண்டும்?

கேள்வி: தரங்கம்பாடி என்றால் ‘அலைகள் பாடும் ஊர்’ என்று பொருளாமே? கேட்கவே இனிக்கிறதே!
(கவிதை எழுதும் வாசகர், சிதம்பரம்)

இனிக்கத்தான் செய்கிறது. சுற்றுலாத் துண்டறிக்கைகளும் அப்படித்தான் சொல்கின்றன. தரங்கம் என்றால் அலை, சரி. ஆனால் ‘பாடி’ பாடவில்லை ஐயா, குடியிருக்கிறது. வாணியம்பாடியில் வாணியர் கச்சேரி செய்வதில்லை. காட்பாடியில் காடு ராகம் இழுப்பதில்லை. மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டு இந்த ஊரைச் ‘சடங்கன்பாடி’ என்றும் ‘குலசேகரன்பட்டினம்’ என்றும்தான் சொல்கிறது. அலை பிற்பாடுதான் பெயருக்குள் புகுந்தது. ஊருக்குள்ளும் புகுந்து அந்தக் கோயிலில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. கவிதையில் அலைகள் பாடட்டும், ஆட்சேபணை இல்லை. வழிகாட்டி மட்டும் பாட வேண்டாம்.

கேள்வி: டென்மார்க்காரர்கள் உலகப் படத்தில் தேடித்தேடி இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்களா?
(வரலாறு ஆசிரியை, மன்னார்குடி)

தேர்ந்தெடுக்கவெல்லாம் இல்லை, வந்து கரை ஒதுங்கினார்கள் என்பதே சரி. 1618-ல் கப்பல்கள் கிளம்பியபோது குறி இலங்கை. தலைவர் ஓவே யெட்டேவுக்கு வயது 23. நம் வீடுகளில் அந்த வயதுப் பையனைத் தனியாகத் திருப்பதிக்கு அனுப்பக்கூட யோசிப்போம். இலங்கையில் கண்டி அரசரோடு பேச்சு படியவில்லை. இதற்கிடையே முன்னால் வந்த ரோலண்ட் கிராப்பே என்பவரின் கப்பலைக் காரைக்கால் பக்கத்தில் போர்ச்சுகீசியர் அடித்து நொறுக்க, அவர் தப்பித் தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ரகுநாத நாயக்கர். போர்ச்சுகீசியருக்குப் போட்டியாக இன்னொரு வெள்ளைக்காரக் கடை இருந்தால் மிளகுக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது வியாபாரம் தெரிந்த எந்த ராஜாவுக்கும் தோன்றக்கூடிய கணக்குத்தான். 1620 நவம்பரில் ஒப்பந்தம். நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்க ஓலையில் எழுதிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. நம்மிடம் இருந்திருந்தால் வளையலாகியிருக்கும்.

கேள்வி: கோட்டையிலிருந்து தஞ்சாவூர் அரண்மனைக்குச் சுரங்கப்பாதை இருக்கிறதாமே?
(ஒன்பதாம் வகுப்பு மாணவன், சீர்காழி)

தம்பி, தமிழ்நாட்டில் சுரங்கப்பாதை இல்லாத பழைய கட்டடம் ஒன்றை எனக்குக் காட்டினால் என் குடையை உனக்குத் தருகிறேன். எங்கே போனாலும் ஒன்று இருக்கும். எங்கே போனாலும் ‘பாம்பு இருக்கு’ என்று மூடியும் இருக்கும். இங்கிருந்து தஞ்சாவூருக்குச் சுமார் நூறு கிலோமீட்டர். கையைக் கொண்டு இரண்டடி தோண்டினாலே ஈரம் ஊறும் கடற்கரை மணல். அதற்குள் காற்றுப் போக வழி, விளக்குக்கு எண்ணெய், குதிரைக்குப் புல். இத்தனையும் செய்யத் தெரிந்தவர்கள் மேலே ஒரு நல்ல ரோடு போட்டிருக்க மாட்டார்களா?

கேள்வி: அப்படியானால் வழிகாட்டி சொல்வதில் எது உண்மை, எது கதை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(வங்கி ஊழியர், நாகப்பட்டினம்)

இரண்டு மணி நேரத்தில் ஒருமுறையாவது ‘தெரியாது’ என்கிறாரா என்று கவனியுங்கள். சொல்லவே இல்லையா, பாதிக் கட்டணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: ரயிலில் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கலாமா?
(மூத்த குடிமகன், விழுப்புரம்)

தாராளமாக. 1986-க்கு முன்னால் கிளம்பியிருந்தால். மயிலாடுதுறையிலிருந்து வந்த மீட்டர்கேஜ் பாதை 1926-ல் திறந்தது, அறுபதாம் கல்யாணம் கொண்டாடும் வயதில் மூடப்பட்டது. இப்போது மயிலாடுதுறையிலிருந்தோ காரைக்காலிலிருந்தோ பஸ்தான்.

கேள்வி: ஒரு பழைய வீட்டைப் பார்த்த மாத்திரத்தில் அதன் வயதைச் சொல்கிறீர்களாமே, என்ன ஜோசியம் அது?
(கட்டுமான மேஸ்திரி, திருவாரூர்)

மேஸ்திரி கேட்பதால் கொஞ்சம் பயத்துடன் சொல்கிறேன். முதலில் அண்ணாந்து கூரையைப் பார்ப்பேன். கையால் வளைத்த நாட்டு ஓடா, தட்டையான மங்களூர் ஓடா? மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-ல். ஆகவே கூரையில் மங்களூர் ஓடு இருந்தால் அந்தக் கூரை 1865-க்குப் பிற்பட்டது. கூரை என்றுதான் சொன்னேன், வீடு என்று சொல்லவில்லை. புதுத் தொப்பி போட்ட தாத்தா வாலிபராகிவிடுவாரா?

பிறகு உள்ளே. தளம் தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இட்டு அடித்த மெட்ராஸ் தளமா? நல்லது. தேக்குக்குப் பதில் இரும்பு உத்தரமா? அப்படியானால் ரயில் வந்தபிறகு கட்டியதாக இருக்கும் என்று மெல்லச் சந்தேகப்படுவேன். காரை பெயர்ந்த இடத்தில் செங்கல்லைப் பார்ப்பேன். மெல்லிசாக, இரண்டு விரல் தடிமனில் இருந்தால் கை கூப்பிவிடுவேன். கடைசியாக, இதையெல்லாம் விட நம்பகமான முறை ஒன்று உண்டு. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியிடம் கேட்பது. அவர் ஆண்டு சொல்லமாட்டார். ‘எங்க மாமனாருக்குக் காதுகுத்தினப்ப கிரகப்பிரவேசம்’ என்பார். கணக்கு நாம் போட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நல்ல சிமென்ட் இருக்கும்போது பழைய கட்டடங்களுக்கு ஏன் இன்னும் சுண்ணாம்பைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்?
(ஹார்டுவேர் கடைக்காரர், மயிலாடுதுறை)

உங்கள் வியாபாரம் கெடக்கூடாதுதான், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். மழையில் ஈரம் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் என்ன ஆகும்? ஜுரம் வந்தவனுக்கு ரெயின்கோட் மாட்டிப் படுக்க வைத்த கதை. உள்ளே புகுந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். கடற்கரை ஊரில் அந்த ஈரத்தோடு உப்பும் சேரும். உப்பு உறைந்து உப்பிச் செங்கல்லைப் பொடியாக்கும்; சில வருடங்களில் சிமென்ட் பூச்சு பாளம்பாளமாகக் கழன்று விழும்போது பாதிச் சுவரையும் கூட்டிக்கொண்டு போகும். அப்போது வீட்டுக்காரர் சொல்வார்: ‘பழைய சுவர் சார், தாங்கல.’ முந்நூறு வருஷம் தாங்கிய சுவர் அது!

கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பை அரைக்கத் தெரிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கூலி கூடுதல், வேலை மெதுவு. ஒத்துக்கொள்கிறேன். உங்கள் கடையில் நல்ல சுண்ணாம்பையும் ஒரு மூலையில் வையுங்களேன். முதல் மூட்டை எனக்கு.

கேள்வி: என் கணவர் ஒவ்வொரு கல்லறை முன்னாலும் பத்து நிமிடம் நின்று எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். எனக்குக் கால் கடுக்கிறது.
(இல்லத்தரசி, கடலூர்)

நீங்கள் நேராக டீக்கடைக்குப் போய்விடுங்கள். பசி வந்ததும் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து தானாக இறங்கி வருவார்.

கேள்வி: முதல் தமிழ் அச்சுக்கூடம் தரங்கம்பாடியில்தானே?
(அச்சகத் தொழிலாளி, சிவகாசி)

இல்லை. தமிழ் அதற்கு 130 ஆண்டுகளுக்கும் முன்பே, 1578-ல், கொல்லத்தில் அச்சேறிவிட்டது. இங்கே அச்சுக்கூடம் அமைத்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706 ஜூலை 9-ல்தான் வந்து இறங்கினார். ஆனாலும் சிவகாசிக்காரரான நீங்கள் தரங்கம்பாடிக்குத் தலைவணங்கக் காரணம் உண்டு. லண்டனிலிருந்து அச்சு இயந்திரமும் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. வந்த எழுத்து மகா பெரிது. காகிதத்தைக் கண்டபடி விழுங்கியது. கப்பலில் வரும் காகிதமோ கைக்கு எட்டாத விலை. என்ன செய்தார்கள்? சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். ஈயம் போதாமல், இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி சுற்றி வந்த ஈயத் தகட்டை உருக்கினார்கள் என்றும் சொல்வதுண்டு. பொறையாறில் காகித ஆலையும் எழுப்பினார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர் நின்றுவிட்டது. 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சாகி வந்தது.

நடையில் இதைவிட எனக்குப் பிடித்த இடம் இன்னொன்று. தமிழ் எழுத்து பழகச் சீகன்பால்கு ஒரு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதினார். அந்தக் கதையை ஒரு திண்ணையில் உட்கார்ந்துதான் சொல்வேன். எந்தத் திண்ணை என்று கேட்காதீர்கள், பலகை வைத்துவிடுவார்கள். அடுத்த நிறுத்தம் கோட்டைச் சிறை. டேனிஷ் கவர்னரோடு மோதியதில் நாலு மாதம் அவர் உள்ளே இருந்தார். 1719-ல், 36 வயதில் இறந்தார். தான் கட்டிய 1718-ஆம் ஆண்டுத் தேவாலயத்துக்குள்ளேயே கல்லறை. மூன்று இடங்களுக்கும் நடுவே கூப்பிடு தூரம்தான்.

கேள்வி: நம்மை ஆளவந்தவர்கள் கட்டியதை எல்லாம் போய் வாய்பிளந்து பார்க்க வேண்டுமா? அடிமைப் புத்தி இல்லையா இது?
(கோபமுள்ள வாசகர், தஞ்சாவூர்)

கோபம் நியாயம். வாயைப் பிளக்க வேண்டாம். கண்ணைத் திறந்தால் போதும். பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றி விற்றார்கள். பஞ்ச காலத்தில் சோற்றுக்கு வழியில்லாதவர்கள். பளிச்சென்ற மஞ்சள் சுவருக்கு முன்னால் செல்ஃபி எடுக்கச் சொல்லிவிட்டு இதை விழுங்கும் வழிகாட்டி இருந்தால் அவர்மேல் கோபப்படுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். கோட்டையில் மேல்தளம் கவர்னருக்கும் பாதிரியாருக்கும். கீழ்த்தளம் சரக்குக்கும் கைதிக்கும். மேலே மட்டும் காட்டிவிட்டுக் கடற்காற்று வாங்க அனுப்பும் நடை எனக்கும் பிடிக்காது. ஆனால் ஒன்று. அந்தச் செங்கல்லைச் சுட்டவன், சுண்ணாம்பு அரைத்தவள், உத்தரம் தூக்கியவன் எல்லாரும் நம்மவர்கள். ராஜாவின் முத்திரை முகப்பில் இருக்கிறது, அவர்கள் கைரேகை சுவர் முழுக்க இருக்கிறது.

கேள்வி: டேனிஷ்காரர்கள் போனதும் கோட்டை எப்படித் தப்பியது?
(ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர், பாபநாசம்)

உங்கள் துறையால்தான் என்றால் சிரிக்கக் கூடாது. 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர் வாங்கினார்கள். அந்தத் தொகைக்கு இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் நிறுத்த இடம் கிடைக்கலாம். தஞ்சாவூர் ஜில்லாவின் தலைமையிடத்தையே இங்கே கொண்டுவந்தார்கள். 1860 வரை கலெக்டர் இங்கேதான். அப்புறம் 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, கப்பல்கள் அந்தப் பக்கம் திரும்பின, ஊர் தூங்கிவிட்டது. கோட்டை 1978 வரை அதிகாரிகள் தங்கும் பங்களாவாக இருந்து, பிறகு மாநிலத் தொல்லியல் துறையிடம் போயிற்று. அதாவது நூறு வருடத்துக்கு மேலாக யாரோ ஒரு தாசில்தார் அங்கே காலையில் எழுந்து வெந்நீர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆள் புழங்கிய கட்டடம் பிழைத்தது. பூட்டி வைத்திருந்தால் ஆலமரம் ஆட்சி செய்திருக்கும்.

கேள்வி: மீனவர் தெருவில் படம் எடுத்தேன். ஒரு பாட்டி சண்டைக்கு வந்துவிட்டார். கலையை மதிக்கத் தெரியவில்லையே?
(புகைப்படக் கலைஞர், சென்னை)

எனக்கும் நடந்திருக்கிறது. என் கூட்டத்தில் ஒருவர் கேட்காமல் கேமராவை நீட்ட, வலை பிரித்துக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: ‘ஏந்தம்பி, ஒங்க வூட்டு வாசல்ல நான் வந்து நின்னு ஒங்க பொண்டாட்டி பல்லு வெளக்குறத படம் புடிச்சா சும்மா இருப்பியா?’ என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து என் நடையில் முதல் விதி இதுதான்: கட்டடத்தைக் கேட்காமல் எடுக்கலாம், ஆளைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி முதலில் புகுந்தது அந்தத் தெருவில். அப்போதும் கேமராக்கள் வந்தன. அவர்களுக்குக் கேமராவின்மேல் கோபம் இருக்கக் காரணம் இருக்கிறது. பாட்டியிடம் போய் இரண்டு கிலோ சங்கரா வாங்குங்கள். படம் கிடைக்காவிட்டாலும் குழம்பு கிடைக்கும்.

கேள்வி: செல்போன் ஆப்பே எல்லாம் சொல்லிவிடுகிறது. வழிகாட்டி எதற்கு?
(ஐடி இளைஞர், கோயம்புத்தூர்)

தெருநாய் துரத்தினால் ஆப்பை முன்னே அனுப்புங்கள்.

கேள்வி: காரைக்குடி ‘ஆயிரம் ஜன்னல் வீட்’டில் நிஜமாகவே ஆயிரம் ஜன்னல் உண்டா?
(சந்தேகப் பிராணி, புதுக்கோட்டை)

1941-ல் கட்டிய வீடு. எண்ணத் தொடங்கிய என் நண்பர் இருநூறுக்குமேல் போனதும் பக்கத்துக் கடையில் பால்பணியாரத்தில் தங்கிவிட்டார். அந்தப் பக்கம் போனால் ஜன்னலை விடுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் நின்று உள்ளே பாருங்கள். வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வாசலுக்கு நேர் வாசலாகப் போய், கடைசிக் கதவு அடுத்த தெருவில் திறக்கும். அந்த ஒரு பார்வைக்காகவே பஸ் பிடித்துப் போகலாம்.

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டை இடிக்கப் போகிறோம் என்றதும் நடை வருகிறவர்கள் ‘ஐயோ, மரபு!’ என்கிறார்கள். ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைப்பது நாங்கள். இவர்களுக்கு என்ன கவலை?
(வீட்டுப் பங்காளி, தேவகோட்டை)

உங்கள் பக்கம்தான் நான். ஒரு மணி நேரம் ரசித்துவிட்டு ஏசி பஸ்ஸில் ஏறுகிறவருக்கு உபதேசம் செய்ய உரிமை இல்லை. ஒரு வீட்டுக்கு முப்பது பங்காளி, ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் பேச்சுவார்த்தையில் இல்லை என்றால் நாலு ஓடு மாற்றவே கையெழுத்து வேட்டை நடத்த வேண்டும். ஆனாலும் இடிப்பதற்கு முன் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் கடைவாசலில் வரிசையாக நிற்கும். தூணுக்கு வாங்கும்போது ஒரு விலை, விற்கும்போது வேறு விலை. வித்தியாசத்தைப் பார்த்தால் உங்களுக்கே வயிறு எரியும். முழு வீட்டையும் காப்பாற்ற முடியாவிட்டால் முகப்பை மட்டுமாவது டியூஷனுக்கோ, டாக்டருக்கோ, நல்ல மெஸ்ஸுக்கோ வாடகைக்கு விட்டுப் பாருங்கள். வாடகை ஓட்டைப் பார்த்துக்கொள்ளும். மெஸ் என்றால் எனக்குத் தகவல் தெரிவிக்கவும்.

கேள்வி: எங்கள் ஊரில் கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை. நாங்கள் எதைப் பார்த்து நடப்பது?
(நூலகர், மணப்பாறை)

சென்னையில் 2004 முதல் ஆகஸ்ட் மாதம் மெட்ராஸ் தினம் கொண்டாடுகிறார்கள். அதில் ஆட்கள் நடப்பது கோட்டையைச் சுற்றி மட்டுமா? மார்க்கெட், பழைய பள்ளிக்கூடம், சுடுகாடு எதையும் விடுவதில்லை. உங்கள் ஊரில் மாட்டுச் சந்தை இருக்கிறது, முறுக்கு இருக்கிறது, ரயில் நிலையம் இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்? முதலில் உங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து பழைய கிரயப் பத்திரத்தை எடுங்கள். சொத்து யாருக்கு என்பதை விட்டுவிட்டுச் செக்குபந்தியை மட்டும் படியுங்கள். ‘வடக்கே வண்டிப்பேட்டைக்குப் போகும் பாதை, கிழக்கே இன்னார் எண்ணெய்ச் செக்கு’ என்று எழுதியிருக்கும். இன்று அங்கே வண்டிப்பேட்டையும் இருக்காது, செக்கும் இருக்காது. நாலு வீட்டுப் பத்திரத்தை வைத்துக்கொண்டு அந்த நாலு எல்லையையும் தேடி நடங்கள். தெரு தானாகப் பேசத் தொடங்கும். நூலகர் என்பதால் ஒரு வேலையும் தருகிறேன்: கேட்டதை அன்றைக்கே எழுதி வையுங்கள். அடுத்த வருடம் சொல்வதற்கு அந்தப் பெரியவர் இருக்கமாட்டார்.

கேள்வி: ஒரு நடைக்கு எத்தனை பேர்? என்ன கட்டணம்? எப்போது?
(பலர், பல ஊர்)

பதினைந்து பேர். அதற்குமேல் போனால் அது ஊர்வலம், போலீசில் அனுமதி வாங்க வேண்டும். கட்டணம் நூறு ரூபாய். இலவசமாக வைத்துப் பார்த்தேன், பதிவு செய்தவர்களில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். நூறு ரூபாய் கொடுத்தவன் ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறான். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலை ஆறரை, நகர வாயில் முன்னால். ஒன்பதுக்குமேல் வெயில் நம்மை நடத்தும், நாம் நடக்க முடியாது. தொப்பி, பழகிய செருப்பு, தண்ணீர் பாட்டில் கொண்டுவாருங்கள். காலிப் பாட்டிலைத் திரும்ப உங்கள் ஊருக்கே கொண்டுபோங்கள்.